ஸ்டூல்கார அம்மிணி

உட்காரப்போகிற ஆளை நேரில் பார்க்காமல் அந்த அம்மிணி மரத்தில் ரம்பம் வைத்ததில்லை. என் வீட்டின் பின்பக்கம் வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்ட லைன் ரூம் ஒன்றில் அவள் குடியிருந்தது நான்கு வருடம் எட்டு மாதம். அதில் முதல் நான்கு வருடம் நான்கு மாதத்துக்கு இதை நான் சத்தியம் செய்து சொல்வேன். மிச்சமுள்ள நான்கு மாதத்தில் நடந்ததில் எனக்கும் பங்கு உண்டு. அதனால்தான் அவள் நினைப்பு வரும்போதெல்லாம் உட்கார்ந்த இடத்தில் உட்கார முடிவதில்லை.

அவளுக்குத் திருநெல்வேலிக்குத் தெற்கே ஏதோ ஓர் ஊர். புருஷன் சின்ன யானை என்று எல்லோரும் சொல்கிற சரக்கு வண்டி ஓட்டினான். அவள் பனியன் கம்பெனியில் டெய்லர். அப்பா தச்சர், ஆண் பிள்ளை இல்லாத வீடு, ரம்பத்தின் மறுமுனையைப் பிடிக்க இவள்தான் இருந்தாள். குடிவந்த அன்று பாத்திரங்களுக்கு முன்னால் ஒரு சாக்குப் பை இறங்கியது. அதற்குள் ஒரு ரம்பம், மூன்று உளி, ஓர் இழைப்புளி. முதல் மாத வாடகை தரும் முன்பே, "ஐயா, ஞாயித்துக்கெழம மட்டும் ஒங்க கார் ஷெட்ட நா எடுத்துக்கிடட்டா?" என்று கேட்டாள். கார் இல்லாத ஷெட். மகன் வாங்குவான் என்று கட்டியது. எடுத்துக்கொள் என்றேன்.

மரம் அவளுக்கு விலைக்கு வந்ததல்ல. வெளிநாட்டிலிருந்து நிட்டிங் மிஷின்கள் பைன் மரப் பெட்டிகளில் அடைத்து வரும். உடைத்த பெட்டிகளைப் புருஷன் ஏற்றிக்கொண்டு வந்து போடுவான். ஆணி பிடுங்குவதில் பாதி ஞாயிறு போகும். ஒரு பெட்டியில் இருநூற்றுப் பன்னிரண்டு ஆணிகள் இருந்தன. நான் எண்ணிச் சொன்னதும் அவள் ரம்பத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தாள்.

கம்பெனியில் எல்லா மிஷினும் ஒரே உயரம், எல்லா ஸ்டூலும் ஒரே உயரம். உட்காருகிறவர்கள் மட்டும் அப்படி இல்லை. குட்டையானவர்கள் பெடலை நுனிக்காலால் எட்டிப் பிடிப்பார்கள். நெட்டையானவர்கள் பத்து மணி நேரம் கழுத்தைத் தொங்கப் போட்டுத் தைப்பார்கள். அவள் முதலில் தனக்கு ஒன்று செய்துகொண்டாள். பக்கத்து மிஷின்காரி கேட்டாள். பிறகு அந்த மிஷின்காரியின் தங்கை, வேறு கம்பெனி. இப்படியே பரவி, அவிநாசியிலிருந்தும் பல்லடத்திலிருந்தும் ஆட்கள் 'ஸ்டூல்கார அக்கா ஊடு எதுங்க' என்று என் கேட்டைத் தட்ட ஆரம்பித்தார்கள்.

ஷெட் சுவரில் மிஷின் மேஜை உயரத்துக்கு ஒரு பலகை அடித்திருந்தாள். கீழே பழைய இரும்புக் கடையில் வாங்கிய ஒரு பெடல். வந்தவர் செருப்பைக் கழற்ற வேண்டும். கம்பெனியில் வெறுங்காலோடுதானே மிதிக்கிறார்கள். ஒரு மரப்பெட்டியின் மேல் என் பழைய செய்தித்தாள்களை அடுக்கி, அதன் மேல் உட்கார வைப்பாள். நான்கு தாள் சேர்ப்பாள், இரண்டை உருவுவாள். மாதவாரியாக நான் கட்டி வைத்திருந்ததெல்லாம் தேதி கலைந்துபோகும். மார்ச்சுக்குள் ஜூலை கிடக்கும். நான் முனகுவேன். அவளுக்குக் காதே கேட்காது.

சரியாகிவிட்டது என்று வந்தவர் சொன்னாலும் உடனே அளவு எடுக்க மாட்டாள். பேச்சுக் கொடுப்பாள். உங்க ஊரில் மழையா, சூப்பர்வைசர் எப்படி, மாமியார் எப்படி. பத்து நிமிடம், சில பேருக்குக் கால் மணி நேரம்கூட. பிறகுதான் டேப்பை எடுப்பாள். காரணம் கேட்டேன்.

"மொதல்ல உக்காருதது நம்மளுக்காவ, ஐயா. யாரோ பாக்காவன்னு முதுக நிமித்திக்கிடுவாவ. பேச்சு சொகத்துல தோளு எறங்கும் பாருங்க, அந்த ஒடம்புக்குத்தான் நா செய்யணும்."

அளவை ஒரு நோட்டில் எழுதுவது என் வேலை. அவள் கேட்கவில்லை, நானாக எடுத்துக்கொண்டேன். பெயர், ஊர், இஞ்ச். எழுதியதும் வந்தவரை அனுப்பிவிடுவாள்: அடுத்த ஞாயிறு வாருங்கள். அந்த வாரம் மரம் தொடப்படாது. திங்கள் முதல் சனி வரை அவள் கம்பெனியில் தைத்துக்கொண்டிருப்பாள், மனதுக்குள் அந்த ஆள் உட்கார்ந்துகொண்டிருப்பார். அவளே அப்படித்தான் சொன்னாள். ஞாயிறு காலை ரம்பத்தை எடுத்தால் கை தடுமாறாது. ஒரு ஞாயிறுக்கு இரண்டு ஸ்டூல், அதற்கு மேல் கிடையாது.

ஒரு பெண்மணிக்கு இடது கால் முக்கால் இஞ்ச் கட்டை. அவருக்குச் செய்த ஸ்டூலில் பலகை ஒரு பக்கம் லேசாகச் சரிந்திருந்தது, பார்க்கிறவனுக்குக் கோணலாகச் செய்ததுபோல் இருக்கும். அந்த அம்மா அதில் உட்கார்ந்துவிட்டு எழுந்திருக்கவே இல்லை. கூட வந்த தம்பி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று மூன்று முறை கூப்பிட்டான். இருபத்திரண்டு நிமிடம் உட்கார்ந்திருந்தார்.

இன்னொரு முறை ஒரு லைன் சூப்பர்வைசர் தன் மனைவியின் போட்டோவையும் உயரத்தையும் போனில் அனுப்பி, இதை வைத்துச் செய்துவிடுங்கள் என்றார். முடியாது என்றுவிட்டாள். புருஷன் வண்டியைத் துடைத்தபடியே, வாசலுக்கு வந்த லட்சுமியைச் செருப்பு நம்பர் கேட்டுத் திருப்பி அனுப்புகிறவள் இவள் ஒருத்திதான் என்றான். "போட்டோல இருக்கவிய மூச்சு விடுவாவளா?" என்றாள் அவள். "நீ என்னயக் கட்டிக்கிட்டது போட்டோவப் பாத்துத்தான?" என்றான் அவன். "அதாம் அளவு தப்பிப்போச்சு" என்றாள். அன்று முழுக்க அவன் சிரித்துக்கொண்டே இருந்தான்.

எனக்கும் ஒன்று வேண்டும் என்றேன். மூன்று ஞாயிறு உட்கார வைத்துப் பார்த்தாள். மூன்றாவது ஞாயிறு கைவிட்டுவிட்டாள். குழாய் சொட்டுகிறதா, மீட்டர் எவ்வளவு ஓடியிருக்கிறது என்று நான் நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்துகொள்கிறேனாம். "ஒங்களுக்குச் சாஞ்சு நிக்கதுக்கு ஒரு கம்பு நட்டுத் தாரேன் ஐயா, அதான் சரிப்படும்."

அவளுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. நாற்பத்தைந்து தாண்டிய டெய்லர் பெண்களை மிஷினிலிருந்து எடுத்துப் நூல் பிசிறு வெட்டப் போடுவார்கள், அப்புறம் அதுவும் இராது என்று அவள் கம்பெனியிலேயே பார்த்திருந்தாள். அதற்குள் ஸ்டூலையே முழுநேரத் தொழிலாக்கிவிட வேண்டும்; ஆனால் ஆளைப் பார்க்காமல் செய்யக் கூடாது. இரண்டும் அவளுக்கு வேண்டியிருந்தது. இரண்டும் சேர்ந்து நடக்கும் என்று நம்பினாள். நானும் நம்பினேன்.

அப்போதுதான் அருள்புரம் பக்கத்துக் கம்பெனி ஒன்றிலிருந்து பர்சனல் மேனேஜர் வந்தார். பனியன் வாங்குகிற வெளிநாட்டுப் பையர் ஆடிட்டுக்கு வருகிறாராம், தொழிலாளர் உட்காரும் இருக்கையை எல்லாம் பார்ப்பாராம். நூற்றைம்பது ஸ்டூல், முப்பது நாள். அவள் உடனே சரி என்று சொல்லவில்லை.

"உக்காருதவியள நா பாக்கணும் சார். ஆளுக்குப் பத்து நிமிசம் போதும்."

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் எக்ஸ்போர்ட் கம்பெனியில் முப்பத்தொரு வருடம் பேக்கிங் செக்‌ஷனில் இருந்தவன். யாரும் கேட்காமலே வாய் முந்திக்கொண்டது. நூற்றைம்பது பேர், பத்து நிமிடம், ஆயிரத்து ஐந்நூறு நிமிடம், இருபத்தைந்து மணி நேரம் என்றேன்.

"பாருங்க, பெரியவரே சொல்லிட்டாரு. இருபத்தஞ்சு மணி நேரம் தையல் லைன நிறுத்துனா என்னைய நிறுத்தீருவாங்க" என்று மேனேஜர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. ஒரு வாரம் யோசித்துச் சொல்கிறேன் என்றாள். இரண்டு நாள்தான் கிடைத்தது.

அந்த இரண்டு நாளும் அவளை நான் விடவில்லை. ஒரு நாளைக்கு இரண்டு, இரண்டு ஆட்களும் ஒரு ரம்ப மிஷினும் வைத்தால் ஆறு, வாரத்துக்கு முப்பத்தாறு, நான்கு வாரத்துக்கு நூற்று நாற்பத்து நான்கு, மிச்சம் ஆறுக்கு ஒரு நாள், அதற்கப்புறமும் ஒரு நாள் கையில் நிற்கும் என்று காகிதத்தில் போட்டுக் காட்டினேன். அவள் அந்தக் காகிதத்தை நெடுநேரம் பார்த்தாள்.

"இதுல நா யோசிக்க நாளு எங்க இருக்கு ஐயா?"

"அதெல்லாம் பாத்தா ஆகாது அம்மிணி. ஞாயித்துக்கெழமை பண்றதைத் தெனமும் பண்ணோணும், அவ்வளவுதான."

சொன்னது நான்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குப் பின்னால் ஆறு நாள் இருந்தது என்பது அன்றைக்கு என் கணக்கில் வரவில்லை.

ஆளைப் பார்க்க முடியாது என்றான பிறகு, எல்லாவற்றையும் ஒரே உயரத்தில் அறுக்க மட்டும் மாட்டேன் என்று நின்றாள். அதற்கும் நான்தான் வழி சொன்னேன். பனியனில் எப்படி? ஸ்மால் ஒன்று, மீடியம் இரண்டு, லார்ஜ் இரண்டு, எக்ஸ்ட்ரா லார்ஜ் ஒன்று. ஆறு பீஸ் ஒரு செட். என் கையால் எத்தனை லட்சம் செட் பெட்டி கட்டியிருப்பேன். அதே ரேஷியோவில் ஸ்டூல் செய். பதினேழு இஞ்ச், பதினெட்டு, பத்தொன்பது, இருபது. நூற்றைம்பதை ஆறால் வகுத்தால் இருபத்தைந்து, மீதி பூஜ்யம். இருபத்தைந்து, ஐம்பது, ஐம்பது, இருபத்தைந்து. மீதியில்லாமல் வகுபட்டதில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அவளும் டெய்லர்தானே, அவள் காதிலும் அந்த ரேஷியோ பத்து வருடமாக விழுந்துகொண்டிருந்தது. அது சரியாகத்தான் இருக்கும் என்று அவளுக்கும் பட்டது. கம்பெனி வேலையை விட்டாள். மறுநாளே அவள் மிஷினில் வேறு பெண் உட்கார்ந்துவிட்டாள். பல்லடம் ரோட்டில் பதினொரு மாத ஒப்பந்தத்தில் ஒரு தகரக் கூரை ஷெட் பிடித்து, ரம்ப மிஷினும் இரண்டு ஆட்களும் வைத்தார்கள்.

இருபத்தொன்பதாவது நாள் நூற்றைம்பது ஸ்டூலும் போய் இறங்கின. முப்பத்தொன்றாவது நாள் மேனேஜரிடமிருந்து போன் வந்தது. டெய்லர்கள் குட்டை ஸ்டூலுக்கு அடித்துக்கொள்கிறார்கள். காலையில் முதலில் வருகிறவர்கள் அதை எடுத்து மிஷினோடு சேர்த்துத் துணியால் கட்டி வைக்கிறார்கள். நெட்டை ஸ்டூல் கிடைத்தவர்களுக்குக் கால் பெடலுக்கு எட்டவில்லை. பழைய ஸ்டூலையே குடோனிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

நான் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு எண்ணினேன். நாற்பத்தொரு பெயர். பதினேழு இஞ்ச் பத்தொன்பது பேர், பதினெட்டு பதினைந்து பேர், பத்தொன்பது ஆறு பேர், இருபது ஒரே ஒருவர். இது இரண்டு வருடமாக என் அலமாரியில், என் கையெழுத்திலேயே இருந்தது. நான் கொடுத்த ரேஷியோ, நாம் தைக்கிற பனியனைக் கடல் தாண்டிப் போட்டுக்கொள்கிறவர்களின் உடம்புக் கணக்கு. தைக்கிறவர்களின் உடம்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. முப்பத்தொரு வருடம் பெட்டி கட்டியவனுக்கு இது தோன்றவில்லை.

பல்லடம் ரோட்டு ஷெட்டுக்குப் போய் அவளிடம் சொன்னேன். கையிலிருந்த உளியைக் கீழே வைத்தாள்.

"அப்பம் நாம வெள்ளக்காரனுக்கு ஸ்டூலு செஞ்சு அனுப்பிருக்கோம்" என்றாள். புருஷன் சிரித்துவிட்டான். அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

வேறு வழியில்லாமல் மேனேஜர் அவளை உள்ளே விட்டார். ஆடிட்டுக்கு ஆறு நாள்தான் இருந்தது. கைரம்பமும் என் செய்தித்தாள் கட்டுகளுமாகச் சின்ன யானையில் போய், செக்கிங் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு மூலையில் உட்கார்ந்தாள். டீ நேரத்திலும் சாப்பாட்டு நேரத்திலும் வேலை விட்ட பிறகும் ஒவ்வொருவராக வந்தார்கள். இந்திக்காரப் பெண்களிடம் பாஷை தெரியாமலே பத்து நிமிடம் எப்படிப் பேசினாளோ தெரியாது. நான்கு நாளில் தொண்ணூற்றேழு ஸ்டூல், முந்நூற்று எண்பத்தெட்டு கால் அறுத்தாள். ஒவ்வொரு பலகையின் அடியிலும் பென்சிலால் பெயர் எழுதினாள். நான்காவது நாள் ராத்திரி தலையெல்லாம் மரத்தூளோடு என் வாசலில் வந்து நின்றாள். "ஐயா, இந்த நாலு நாளுதான் நா தொழில் பண்ணுனேன்" என்றாள். அவளை அப்படி ஒரு முகத்தோடு அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை. ஆடிட் நல்லபடியாக முடிந்தது.

அத்தோடு நான் நிறுத்திவிட்டால் இது நல்ல கதையாகிவிடும்.

ஒன்றரை மாதம் கழித்து ஏதோ கையெழுத்துக்காக அந்தக் கம்பெனிக்குப் போனவள் தையல் ஹாலுக்குள்ளும் போயிருக்கிறாள். ஸ்டூல்கள் இருந்தன, ஆட்கள் மாறியிருந்தார்கள். பாதிப் பேர் கான்ட்ராக்ட். வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்கள். இருப்பவர்களையும் ஆர்டருக்குத் தக்கபடி லைன் மாற்றி உட்கார வைத்திருந்தார்கள். ஸ்டூல் மிஷினோடேயே நின்றுவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பெயரைப் பார்த்துவிட்டு, மணியடித்து வந்து உட்கார்ந்தவர்களோடு ஒப்பிட்டாளாம். எத்தனை பார்த்தாய், எத்தனை பொருந்தியது என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அறுபது கவிழ்த்தேன், ஒன்பது பேர்தான் அவரவர் ஸ்டூலில் இருந்தார்கள், அதற்கு மேல் பார்க்கவில்லை என்றாள். ஒரு குட்டைப் பெண் தனக்கு முந்தியவளின் ஸ்டூலில் காலைத் தொங்கவிட்டுத் தைத்துக்கொண்டிருந்தாளாம். இவளைப் பார்த்ததும், "அக்கா, இதையும் ஒரு இஞ்ச் வெட்டி உடுங்க" என்றாளாம். இவளிடம் அன்றைக்கு ரம்பம் இல்லை.

அடுத்த வாரம் அதே மேனேஜர் வேறொரு யூனிட்டுக்கு இருநூறு கேட்டார். எல்லாம் ஒரே உயரம், பதினேழரை. அளவு எடுக்கிற வேலை எல்லாம் வேண்டாம். போன் வந்தபோது நானும் ஷெட்டில் இருந்தேன். ஷெட் ஒப்பந்தம் இன்னும் எட்டு மாதம், இரண்டு ஆட்கள் அவளை நம்பி ஊரைவிட்டு வந்திருந்தார்கள், பழைய வேலை போய்விட்டது. எனக்கு எல்லாமே தெரியும். இருந்தும், வேண்டாம் அம்மிணி, இன்னும் ஒரு நாள் யோசி என்று கையைக் காட்டினேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே, "சரி சார், செஞ்சுரலாம்" என்றாள்.

போனை வைத்தபிறகு, "ஏம்மிணி இப்படி?" என்றேன்.

"உக்காருத ஆளு மாறிட்டே இருக்காவ ஐயா. நா யாரப் பாத்துச் செய்ய?"

அதற்கொரு பதிலை இன்றைக்கும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

அந்த மாதக் கடைசியில் ரூமைக் காலி செய்து ஷெட்டுக்குப் பக்கத்திலேயே போய்விட்டார்கள். இப்போது பதினாறு பேர் வேலை செய்கிறார்கள். ஸ்டூலோடு கட்டிங் டேபிள், செக்கிங் டேபிள் எல்லாம் போகிறது. புருஷன் இரண்டாவது வண்டி வாங்கிவிட்டான். ஐம்பதுக்குக் குறைந்த ஆர்டர் எடுப்பதில்லை. யாரையும் ஏமாற்றவில்லை, மரம் நல்ல மரம், சொன்ன தேதிக்குச் சரக்கு போய்விடுகிறது. தொழில் என்று பார்த்தால் குறை சொல்ல ஒன்றும் இல்லை. என் மகன்கூட, நீங்கள் போட்ட கணக்கு பலித்துவிட்டதே அப்பா என்கிறான்.

ஆனால் என் கேட்டைத் தட்டுகிறவர்கள் நிற்கவில்லை. விலாசம் மாறியது தெரியாமல் வருகிறார்கள். இதுவரை பதின்மூன்று பேரை, அவர்கள் காலி செய்துவிட்டார்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். பதினான்காவதாக வந்த அம்மாவை அப்படி அனுப்ப மனம் வரவில்லை. திருமுருகன்பூண்டியிலிருந்து வந்திருந்தார், ஐம்பது வயது இருக்கும், படியேறும்போதே இடுப்பில் கை வைத்துக்கொண்டார். அவரைக் கூட்டிக்கொண்டு நானே பஸ் ஏறி ஷெட்டுக்குப் போனேன்.

அம்மிணி ஓடிவந்து வரவேற்றாள். டீ வாங்கி வரச் சொன்னாள். மிஷின் சத்தத்தில் பேசுவது கேட்கவில்லை, அதனால் வாசலில் அடுக்கியிருந்த ஸ்டூல்களில் இரண்டை இழுத்துப்போட்டு உட்கார வைத்தாள். என் பி.பி. எப்படி, மகன் எப்படி என்று என்னைத்தான் கேட்டாள். அந்த அம்மாவிடம் இரண்டு வார்த்தைதான் பேசினாள். அதற்குள் லோடு ஏற்ற லாரி வந்துவிட்டது. இதோ வந்துவிடுகிறேன் என்று போனவளை ஐம்பது நிமிடம் எதிர்பார்த்திருந்தோம். "பரவால்லீங்க, அவங்களுக்கு வேலை இருக்குது" என்று அந்த அம்மாவே எழுந்துகொண்டார். அவரைப் பூண்டி பஸ்ஸில் ஏற்றிவிட்டு வீடு வந்தேன்.

சாயங்காலம் ஆறு மணிக்கு அவள் போன் செய்தாள்.

"ஐயா, அந்தக்காவுக்குப் பதினேழே கால். வலது இடுப்பு எறங்குது, அந்தப் பக்கம் கால் இஞ்ச் கூட வைக்கணும். முன்பக்கம் லேசாச் சரிவு வேணும், இல்லன்னா தொட மரத்துப்போவும். எனக்குச் செய்ய நேரமில்ல. யாருகிட்டயாவது சொல்லிச் செஞ்சு குடுத்துருங்க."

"யாருகிட்டச் சொல்றது அம்மிணி?"

அவள் போனை வைக்கவில்லை. அந்தப் பக்கம் ரம்ப மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பலகை அறுபட்டு முடிந்து, அடுத்தது ஏறி, அதுவும் முடிந்தது. ஐந்தாவது பலகை வரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு நான்தான் போனை அணைத்தேன்.